மகள் சொரோரிட்டியில் சேரலாமா? சகோதரித்துவம், விழுமியம், தொண்டு ஆகியவற்றை எதை வைத்து அளப்பது?

கேள்வி இது: "மகள் ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு சேர்கிறாள். சொரோரிட்டியில் சேர ஆசைப்படுகிறாள். அவர்கள் வெளியிடும் எல்லாவற்றிலும் சகோதரித்துவம், விழுமியங்கள், தொண்டு என்ற மூன்று சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் உண்மையில் ஏதாவது இருக்கிறதா? சேர விடலாமா?"

இருக்கிறது. ஆனால் எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் இல்லை. சொரோரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கல்லூரி மாணவியர் சங்கம்; பல வளாகங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. ஒரே கிரேக்க எழுத்துகளைச் சட்டையில் போட்டுக்கொள்ளும் இரண்டு கிளைகள், இரண்டு ஊர்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோல நடப்பதுண்டு. ஆகவே சொரோரிட்டியின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மகள் சேரப்போகும் அந்தக் கிளையைப் பாருங்கள். அதன் கணக்கு, நாட்காட்டி, வாராந்தரக் கூட்டம் ஆகிய மூன்றும் போதும். அந்த மூன்று சொற்களும் உண்மையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் இந்த அமைப்பு எதற்காக வந்தது என்று கொஞ்சம். 1851இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில், அடெல்ஃபியன் சங்கம் தொடங்கியது. இன்றைய ஆல்ஃபா டெல்டா பை அதுதான். மறு ஆண்டு அதே கல்லூரியில் ஃபிலோமேத்தியன் சங்கம் வந்தது. அது இன்று ஃபை மூ. 1867இல் இல்லினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் பன்னிரண்டு மாணவிகள் கூடித் தொடங்கியது பை பீட்டா ஃபை. ஆண்களுக்கென்றே கட்டப்பட்ட உலகத்துக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் நுழைந்த காலம் அது. படிக்கவும் பேசிப் பழகவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. 'சொரோரிட்டி' என்ற சொல்லே பிறகுதான் வந்தது. 1874இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த காமா ஃபை பீட்டாவுக்காக, ஃப்ராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர் அதை உருவாக்கித் தந்தார். லத்தீனில் 'சொரோர்' என்றால் உடன்பிறந்தாள்.

கறுப்பினப் பெண்களுக்கு இந்தச் சங்கங்களின் கதவு திறக்கவில்லை. அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1913 ஜனவரியில் 22 மாணவிகளால் டெல்டா சிக்மா தீட்டா. இரண்டாவதாகச் சொன்ன அமைப்பின் முதல் பொதுச் செயல், தொடங்கி ஏழே வாரத்தில், மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தது. சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான். தெற்காசியப் பெண்களை மனத்தில் வைத்துத் தொடங்கியவையும் உண்டு. டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டனிலும், கப்பா ஃபை காமா ஆஸ்டினிலும், இரண்டும் 1998இல், டெக்சாஸ் மண்ணில் பிறந்தன.

இதைச் சொல்வதற்குக் காரணம், மகள் எந்த வகையில் சேரப்போகிறாள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். 1902இல் ஏற்பட்ட தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பில் 26 அமைப்புகள் இருக்கின்றன. உறுப்பினர்கள் சேர்ந்து தங்கும் பெரிய வீடு, நூற்றுக்கணக்கான உறுப்பினர், ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டமாகச் சேர்க்கை என்பவையெல்லாம் இவற்றின் அடையாளம். 1930இல் ஹோவர்டில் தொடங்கிய தேசிய பான்-ஹெலனிக் கவுன்சிலில் ஒன்பது கறுப்பின அமைப்புகள், அவற்றில் நான்கு சொரோரிட்டிகள். அங்கே முதலாண்டுப் பருவத்திலேயே சேர்வது அரிது. குறிப்பிட்ட அளவு பாடங்களும் மதிப்பெண்ணும் முடித்திருக்க வேண்டும், பட்டம் பெற்ற பின்னும் சேரலாம், பட்டதாரிக் கிளைகளில் வாழ்நாள் முழுக்கப் பணி தொடரும். தெற்காசிய, லத்தீன் அமெரிக்க அமைப்புகளின் கிளைகள் பெரும்பாலும் சிறியவை.

இனி சகோதரித்துவம். பதினெட்டு வயதுப் பெண், முதல் முறை வீட்டை விட்டு வந்திருக்கிறாள். காய்ச்சலில் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லையென்றால் யார் கவனிப்பார்கள்? இந்த ஒரு கேள்விக்கு அந்தக் கிளை என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதுதான் அங்குள்ள சகோதரித்துவம். ஐம்பது அறுபது பேர் உள்ள கிளையில் இது தானாகவே நடக்கும். தென் மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரு கிளையிலேயே முந்நூறு, நானூறு பேர் இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் தானாகக் கவனிக்க மாட்டார்கள். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ஆண்டு மாணவிகளும் கலந்திருக்கும்படி செய்து, வாரம் ஒருமுறை கூட வைக்க வேண்டும். இப்படிச் செய்யாத பெரிய கிளையில் புதுப்பெண் தன்னோடு சேர்ந்தவர்களை மட்டும் தெரிந்துகொண்டு, இரண்டாம் ஆண்டில் மெல்ல விலகிப்போவாள்.

'பிக்', 'லிட்டில்' என்று ஒரு முறை உண்டு. மூத்தவள் ஒருத்தி புதியவள் ஒருத்திக்கு அக்காவாக அமைவாள். நல்ல முறைதான், எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடம் எடுப்பது, விடுதி அறை நண்பியோடு சண்டை வந்தால் யாரிடம் போவது என்பதெல்லாம் இந்த வழியில்தான் கை மாறுகின்றன. இதில் கெடுவது இரண்டு இடங்களில். முதலாவது, பரிசு. யார் அக்கா என்று வெளிப்படுத்தும் வாரத்தில் நாளொரு கூடை என்று பரிசுப் பொருள் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் நூற்றுக்கணக்கான டாலர் வரை போய்விடுகிறது. பகுதிநேர வேலை செய்து படிக்கும் மூத்தவள் இதற்காகக் கடன் அட்டையைத் தேய்ப்பாள், அல்லது அக்காவாக இருக்கவே மறுப்பாள். ஐம்பது டாலருக்கு மேல் கூடாது என்று எழுத்தில் உச்சவரம்பு வைத்திருக்கும் கிளை, தன் உறுப்பினர்களின் நிலையை யோசித்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, அக்காவை ஆலோசகராக்கிவிடுவது. மனச்சோர்வு, பாலியல் வன்முறை, உணவுக் கோளாறு போன்றவற்றைச் சுமக்க இருபது வயதுப் பெண்ணுக்குப் பயிற்சி கிடையாது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழக ஆலோசனை மையம் வரை கூட நடப்பதும், நள்ளிரவானால் 988 என்ற தேசிய நெருக்கடி எண்ணை அழைக்கத் தெரிந்திருப்பதும்தான் அவளால் செய்யக்கூடிய உதவி. ஆண்டுக்கு ஒருமுறையாவது இதற்குப் பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள்.

ராகிங் பற்றி உங்களுக்கு அச்சம் இருந்தால் அது நியாயமானதே. அங்கே அதை 'ஹேசிங்' என்பார்கள். "இதையெல்லாம் தாங்கினால்தான் நெருக்கம் வரும்" என்பது அதைச் செய்பவர்கள் சொல்லும் நியாயம். தூக்கம் கெடுத்தல், மூத்தவர்களுக்கு எடுபிடி வேலை, கட்டாயக் குடி, "வெளியே சொல்லாதே" என்ற மிரட்டல் எல்லாம் அதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதுதான் முதல் அறிகுறி. சடங்கு ரகசியமாக இருக்கலாம், ஆனால் மகள் எத்தனை மணிக்கு எங்கே இருந்தாள் என்பது ரகசியமாக இருக்கக் கூடாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் வளாக ஹேசிங் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, உறுதியான ஹேசிங் நிகழ்வுகளை எந்த அமைப்பு, எப்போது, என்ன செய்தது என்ற விவரத்தோடு பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். மகள் பதிவு செய்வதற்கு முன் அந்த அறிக்கையைத் திறந்து, கிளையின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் இல்லை என்பதை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரணையில் நிரூபணமானவைதாம் அதில் வரும்.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல குடும்பங்கள் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கின்றன. முதலில் சொன்ன 26 அமைப்புகளின் பான்ஹெலனிக் சேர்க்கை பொதுவாக நான்கு சுற்று: எல்லாக் கிளைகளையும் பார்க்கும் முதல் சுற்று, தொண்டுப் பணி பற்றிய சுற்று, சகோதரித்துவம் பற்றிய சுற்று, கடைசியில் ஓரிரு கிளைகள் மட்டும் எஞ்சும் விருப்பச் சுற்று. விருப்பச் சுற்று முடிந்ததும் மாணவி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாள். அதில் எந்தக் கிளைகளின் பெயரை எழுதுகிறாளோ, அவற்றில் எது அழைத்தாலும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் அதே வளாகத்தில் வேறு எந்தப் பான்ஹெலனிக் சொரோரிட்டியிலும் அடுத்த ஆண்டு முதன்மைச் சேர்க்கை வரை சேர முடியாது. தீட்சை, அதாவது முழு உறுப்பினராக்கும் சடங்கு, முடிந்துவிட்டால், பின்னர் விலகினாலும் 26இல் வேறொன்றில் உறுப்பினராக முடியாது. ஆகவே மனத்துக்கு ஒப்பாத பெயரை 'இருக்கட்டுமே' என்று இரண்டாவது இடத்தில் எழுதக் கூடாது. எழுதாமல் விட்டால் அழைப்பே வராமல் போகலாம். அதையும் மகள் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். பிறகு இடம் காலியாகும் கிளைகள் பருவம் முழுக்கத் தனியாக ஆள் சேர்ப்பதுண்டு. கூட்ட நெரிசல் இல்லாமல் நிதானமாகப் பேச வாய்ப்புள்ள அந்த வழியைக் கூச்சமுள்ள பெண்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

விழுமியங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை தனியாக ஓர் இடத்தில் கிடைக்காது. ஒவ்வொரு அமைப்புக்கும் எழுதிவைத்த நோக்கம் உண்டு. படிப்பு, நன்னடத்தை, நட்பு, பிறர்க்குதவி என்று எல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். படித்துப் பார்ப்பதால் வேறுபாடு தெரியாது. மதிப்பெண் குறைந்த உறுப்பினரை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அவளை நிகழ்ச்சிகளிலிருந்து தள்ளி வைப்பதோடு நிறுத்தும் கிளை ஒன்று. அதே பாடத்தில் தேறியவளோடு வாரம் நான்கு மணி நேரம் நூலகத்தில் உட்கார வைக்கும் கிளை இன்னொன்று. நடத்தைக் குழு என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். தனியாகக் கூப்பிட்டு "என்னம்மா ஆச்சு" என்று கேட்பதற்காக ஏற்பட்டது அது. இன்ஸ்டாகிராம் படத்தில் கையில் கோப்பை இருந்ததா என்று விசாரிக்கும் நீதிமன்றமாக அது சுருங்கினால், உறுப்பினர்கள் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். மறைக்கும் இடத்தில்தான் விபத்து நடக்கும்.

விழுமியம் என்ற சொல்லுக்கு எதிரான நடப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், தகுதியுள்ள கறுப்பின மாணவிகளைச் சில சொரோரிட்டிகள் நிறத்துக்காக நிராகரித்ததை மாணவர் நாளிதழே வெளிக்கொண்டுவந்தது. உள்ளே இருந்த இளம் உறுப்பினர்கள் சிலர், முன்னாள் உறுப்பினர்களின் தலையீட்டைப் பற்றித் துணிந்து பேசினார்கள். பல்கலைக்கழகம் தலையிட்டு மீண்டும் சேர்க்கையைத் திறக்க வைத்தது. அந்தப் பெண்கள் வாய் திறந்ததுதான் அங்கே நடந்த விழுமியச் செயல். இன்றும் கிளையின் குழுப்படத்தைப் பாருங்கள். வளாகத்தில் எத்தனை வகைப் பெண்கள் நடமாடுகிறார்களோ, அதில் எத்தனை வகை படத்தில் இருக்கிறது என்று மகளே எண்ணிப் பார்க்கட்டும்.

தொண்டுதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நிதி திரட்டிக் கொடுப்பது ஒன்று, கையால் வேலை செய்வது இன்னொன்று. தேசிய அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான காரியம் உண்டு. ஆல்ஃபா டெல்டா பை, நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்கள் தங்கும் ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லங்களுக்கு உதவுகிறது. டிரை டெல்டா, புற்றுநோய்க் குழந்தைகளுக்கான செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கு. டெல்டா காமா 1936 முதல் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான பணிக்கு. கப்பா ஆல்ஃபா தீட்டா, நீதிமன்றத்தில் குழந்தைகளுக்காகப் பேசும் தன்னார்வலர் அமைப்புக்கு. கப்பா டெல்டாவின் ஷாம்ராக் நிகழ்ச்சியில் திரளும் பணத்தில் 80 விழுக்காடு அந்த ஊரிலேயே குழந்தை வதைத் தடுப்புக்குப் போகும், 20 விழுக்காடு தேசிய அமைப்புக்கு. பணம் எங்கே போகிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

நிதி திரட்டும் நிகழ்ச்சியில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு கிளை பான்கேக் இரவு நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 சீட்டு, தலைக்கு 8 டாலர்: 2,000 டாலர். 120 டி-சட்டை அச்சிட்டு 85 மட்டும் விற்கிறது, ஒன்று 15 டாலர்: 1,275. மொத்தம் 3,275. "மூவாயிரத்துக்கு மேல் திரட்டினோம்" என்று அறிவிப்பார்கள். செலவைப் பாருங்கள்: சட்டை அச்சு ஒன்றுக்கு 9 டாலர் வீதம் 1,080, மாவு, வெண்ணெய், சிரப், தட்டு 350, கூடம் 150, இணையவழிக் கட்டணம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மூன்று விழுக்காடும் 30 செண்டும் என்றால், சுமார் 199. ஆக 1,779. தொண்டு நிறுவனத்துக்குப் போவது 1,496 டாலர். பாதிகூட இல்லை. விற்காத 35 சட்டை ஒரு பெட்டியில் கிடக்கும்.

இதைச் சரிசெய்வது கடினமே இல்லை. சட்டைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, வந்த எண்ணிக்கைக்கு மட்டும் அச்சிட வேண்டும். எட்டு டாலர் சீட்டில் இணையக் கட்டணம் 54 செண்ட் தின்றுவிடுகிறது. நான்கு சீட்டை ஒரே பரிவர்த்தனையில் விற்றால் ஒரு சீட்டுக்கு 32 செண்டுக்கும் கீழே இறங்கும். மாவையும் சிரப்பையும் ஊர் மளிகைக் கடையிடம் மூன்று வாரம் முன்பே எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரு பகுதியாவது கிடைக்கும். முந்தைய நாள் கேட்டால் கிடைக்காது.

சமையலறையிலும் கணக்கு தேவை. 250 பேருக்குத் தலைக்கு மூன்று என்றால் 750 பான்கேக். ஒரு மின்தோசைக்கல்லில் ஒரு தடவைக்கு எட்டு, ஒரு தடவைக்கு நான்கு நிமிடம், ஆக மணிக்கு 120. இரண்டு மணி நேரம் பரிமாற நான்கு கல் வேண்டும். ஒவ்வொன்றும் 1,500 வாட் இழுக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். சாதாரண மின்சுற்று 15 அல்லது 20 ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு கல்லை ஒரே சுற்றில் சொருகினால் பிரேக்கர் விழுந்து கூடமே இருளும், வரிசை வாசல்வரை நீளும். ஒரு சுற்றுக்கு ஒரு கல் என்று முந்தைய வாரமே சொருகிப் பார்த்துவிட வேண்டும். பொதுமக்களுக்குச் சமைத்து விற்கப் பல மாவட்டங்களில் தற்காலிக உணவு அனுமதி தேவை. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பம்.

பணத்தைக் கையாள்வதில் மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. நன்கொடையையும் சந்தாவையும் ஒரே கணக்கில் போடுவது முதல் பிழை. சொரோரிட்டி வரிச்சட்டப்படி ஒரு சமூகக் கழகம், 501(சி)(7) வகை. அதற்குக் கட்டும் சந்தாவுக்கு வரிவிலக்கு இல்லை. அதன் அறக்கட்டளை தனியான அறப்பணி அமைப்பு, 501(சி)(3) வகை. அதற்குக் கொடுத்தால்தான் விலக்கு. ஆகவே நன்கொடைக் காசோலை அறக்கட்டளையின் பெயருக்கோ பயன்பெறும் நிறுவனத்தின் பெயருக்கோ நேரே எழுதப்பட வேண்டும். அடுத்தது, குலுக்கல். பல மாநிலங்களில் பரிசுச் சீட்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் வரும், உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. சின்ன விஷயம்தானே என்று நடத்திவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாவது, ரொக்கத்தை ஒருத்தியே எண்ணி, ஒருத்தியே வீட்டில் வைத்திருப்பது. இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் போட வேண்டும். யார்மீதும் சந்தேகப்படுவதற்காக இல்லை, பொருளாளராக இருக்கும் அந்தப் பெண்ணைக் காப்பதற்காக.

இன்னொன்றும் உண்டு. ஒரே வளாகத்தில் பத்துக் கிளைகள் மாறி மாறி ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் சீட்டு வாங்கினால், ஒரே மாணவிகளின், அதாவது ஒரே பெற்றோர்களின், பணம்தான் சுற்றி வருகிறது. அதில் சட்டை அச்சிடுபவர் மட்டும் நிச்சயமாகப் பயன்பெறுகிறார். பணம் வளாகத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 'தான்' (THON) என்ற நடன மாரத்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1973இல் கிரேக்க எழுத்து அமைப்புகளின் மாணவர்கள் தொடங்கியது. 46 மணி நேரம் உட்காராமல் தூங்காமல் நிற்கிறார்கள். குழந்தைப் புற்றுநோய்க்கான ஃபோர் டயமண்ட்ஸ் அமைப்புக்கு அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 1 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு நடனம்தான் தெரியும். ஆண்டு முழுக்க உறவினர், ஊர்க்கடை, முன்னாள் மாணவர் என்று வெளியே போய்க் கேட்டதன் பலன் அது.

கையால் செய்யும் சேவைக்கு வருவோம். சனிக்கிழமை காலை அறுபது பேர் ஒரே சட்டையில் ஒரு பள்ளிக்குப் போய் இரண்டரை மணி நேரம் இருந்தால் 150 மணி நேரச் சேவை. ஆறு பேர் வாரம் இரண்டு மணி நேரம் பன்னிரண்டு வாரம் போய் வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் 144 மணி நேரம். அறிக்கையில் முதலாவது ஆறு மணி நேரம் கூடுதல். ஆனால் அந்தப் பள்ளி ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்: முதலாவது கூட்டத்துக்கு வேலை கண்டுபிடிப்பதே அவருக்கு ஒரு வேலை, இரண்டாவது, ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவது. மணி நேரத்தை மட்டும் எண்ணும் கிளைகள் முதலாவதன் பக்கம் சாய்வது இயல்பு. ஒரே குழந்தையிடம், ஒரே இடத்துக்கு, எத்தனை வாரம் தொடர்ந்து போனார்கள் என்றும் சேர்த்து எண்ணும் கிளையே தொண்டு செய்கிறது.

இதைத் தொடங்க நேரம் பிடிக்கும். குழந்தைகளோடு பழக, பின்னணிச் சரிபார்ப்பு முடிய வாரக்கணக்கில் ஆகும். சில இடங்களில் கைரேகையும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். ஆகஸ்டில் விண்ணப்பித்தால்தான் அக்டோபரில் உட்கார முடியும். கார் வைத்திருப்பவர் பட்டியல் இல்லாததால் நின்றுபோன திட்டங்கள் ஏராளம். தேர்வு வாரத்திலும் டிசம்பர் விடுமுறையிலும் கோடையிலும் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதை அந்த நிறுவனத்திடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் ஜனவரியில் உணவு வங்கி காத்திருக்கும், குழந்தை காத்திருக்கும். நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களுக்குச் சமைக்கப் போகும்போது சளி இருப்பவள் வீட்டிலேயே நிற்க வேண்டும். என்ன போட்டுச் சமைத்தது என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். குழந்தைகளின் முகத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது. வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களின் காப்பகத்தின் முகவரி ரகசியம், அங்கே பழைய துணி மூட்டையைக் கொண்டு போகாமல் அவர்கள் தரும் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்; புதிய உள்ளாடை, மாதவிடாய்ப் பட்டைகள், கடைப் பரிசு அட்டைகள் என்று அது பெரும்பாலும் எளிமையாகவே இருக்கும். உணவு வங்கிக்கும் அப்படித்தான். மொத்த விலையில் வாங்கத் தெரிந்தவர்களிடம் டப்பாவைக் காட்டிலும் பணமாகக் கொடுப்பது கூடுதல் உணவாகும்.

போகும் இடத்தின் தேவையைக் கேட்டு நடப்பதற்கு இந்த அமைப்புகளின் வரலாற்றிலேயே மேலான முன்மாதிரி இருக்கிறது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் 1934 கோடையில் மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குக் கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப் போனார்கள். அங்கே போய்ப் பார்த்தால், குழந்தைகளின் உடல்நிலை படிக்கும் நிலையில் இல்லை. திட்டத்தை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு டாக்டர் டாரதி ஃபெரபீ தலைமையில் மருத்துவர்களும் செவிலியர்களும் வந்தார்கள். பின்னர், பருத்தித் தோட்ட முதலாளிகள் கூலித் தொழிலாளர்களை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மறுத்தபோது, காரிலேயே மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போனார்கள். பெரியம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளும் பல் சிகிச்சையும் 1942 வரை கோடைதோறும் நடந்தன. பெரும்பாலும் பட்டதாரி உறுப்பினர்கள் செய்த வேலை அது. பை பீட்டா ஃபையும் அப்படியே. 1912இல் டென்னசியின் மலையூரான கேட்லின்பர்கில் பள்ளி தொடங்கியது, பிறகு அவ்வூர்ப் பெண்களின் நெசவுக்குச் சந்தை தேடித் தந்தது; அதன் வழிவந்த ஆரோமான்ட் கைவினைப் பள்ளி இன்றும் நடக்கிறது.

கட்டணம் பற்றி: இடத்துக்கு இடம் மிகவும் வேறுபடும். சிறிய கிளையில் பருவத்துக்குச் சில நூறு டாலர். வீடும் சாப்பாடும் உள்ள பெரிய கிளையில் சில ஆயிரம். முதல் பருவத்தில் தீட்சைக் கட்டணம், பேட்ஜ் என்று கூடுதல் சேரும். சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை: சந்தாவின் ஒவ்வொரு கூறும் எதற்கு, தவணை உண்டா, நிகழ்ச்சிக்கு வராவிட்டால் அபராதமா, இரண்டாம் ஆண்டில் வீட்டில் தங்குவது கட்டாயமா, சந்தா தவிர சட்டை, பரிசு, உடை என்று ஒரு மாணவி உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறாள். கடைசிக் கேள்வியைப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டாம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியிடம் மகள் தனியாகக் கேட்கட்டும். அவளிடமே இன்னொன்றும் கேட்கலாம்: சென்ற ஆண்டு நீங்கள் கொடுத்த பணத்துக்குத் தொண்டு நிறுவனம் தந்த ரசீதில் என்ன தொகை இருந்தது? ஒரு சாதாரண உறுப்பினருக்கே அது தெரிந்திருந்தால், அந்தக் கிளையில் கணக்கு எல்லார் முன்னும் வாசிக்கப்படுகிறது.

மகளுக்கு வேண்டியது தோழமையும் தொண்டும் இரண்டும் என்றால், மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் தரும் கிளையில் தயங்காமல் சேரட்டும். தொண்டு மட்டும் போதும் என்று நினைத்தாலோ, செலவு கையைக் கடித்தாலோ, சேவைக்கென்றே உள்ள அமைப்புகள் இருக்கின்றன. 1925இல் லஃபாயெட் கல்லூரியில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஒமேகா 1976 முதல் பெண்களையும் சேர்க்கிறது. 1952இல் பெண்களுக்காகத் தொடங்கியது காமா சிக்மா சிக்மா. வீடும் விருப்பச் சுற்றும் அங்கே கிடையாது, சந்தா மிகவும் குறைவு. மேற்சொன்ன ஒப்பந்தம் அவற்றைக் கட்டுப்படுத்தாது என்பதால், சொரோரிட்டியில் இருந்துகொண்டே அவற்றிலும் பணி செய்யலாம்.